சுவரில் மட்டும் பேசப்படும் வியாதி

காலையில் நடந்து முடித்துவிட்டுப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தால் எங்கள் கூட்டத்தில் என்ன பேச்சு நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் சர்க்கரை அளவைச் சொல்வார், வெறும் வயிற்றில் இவ்வளவு, சாப்பிட்ட பின் இவ்வளவு என்று. இன்னொருவர் இரண்டு ஸ்டென்ட் வைத்த கதையைப் பதவி உயர்வு கிடைத்த மாதிரி விவரிப்பார். புராஸ்டேட் கூட இப்போது வெளியே வந்துவிட்டது. ராத்திரி எத்தனை தடவை எழுந்தோம் என்பதில் போட்டியே உண்டு. ஆனால் பெஞ்சில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும் மனிதரிடம் "என்ன சார், முடியலையா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒண்ணுமில்லை, இடுப்புப் பிடிப்பு" என்பார்.

இடுப்புப் பிடிப்புக்கு யாரும் வீட்டிலிருந்து தலையணை எடுத்து வருவதில்லை.

மூலம் என்ற சொல்லை நாம் வாயால் சொல்வதில்லை. அது சுவரில்தான் இருக்கிறது. பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவர், மின்கம்பம், ரயில்வே கேட் பக்கத்து மதில், எங்கே பார்த்தாலும் "மூலம், பௌத்திரம், விரைவீக்கம், ஆபரேஷன் இல்லாமல் ஒரே நாளில் நிரந்தர குணம்". கீழே ஒரு செல் நம்பர். டாக்டர் பெயர் இருக்கும், என்ன படித்தார் என்பது இருக்காது. நான் சொல்ல வந்தது இதுதான்: அந்தச் சுவர்க்காரருக்கு முதலீடு பெயிண்ட் டப்பா அல்ல, நம்முடைய வெட்கம். நாம் வாயை மூடிக்கொண்டிருக்கும் வரை அவர் கடை நடக்கும்.

முதலில் அந்த விளம்பர வாசகத்தையே பாருங்கள். மூலம் என்பது ரத்தக்குழாய் சம்பந்தப்பட்டது. பௌத்திரம் என்பது சீழ் பிடித்து, ஆசனவாயின் உள்ளிருந்து வெளித்தோலுக்கு ஒரு பொந்து மாதிரி வழி உண்டாவது. விரைவீக்கம் என்பது விதைப்பையில் நீர் சேர்வது. மூன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியம் வேறு. மூன்றையும் ஒரே வரியில் எழுதி ஒரே மருந்து தருகிறேன் என்கிறவர் எதையும் பார்த்துக் கண்டுபிடிக்கப் போவதில்லை. இவற்றுக்குள் அவருக்குத் தெரிந்த ஒற்றுமை ஒன்றுதான். மூன்றுமே நாம் வெளியே சொல்லக் கூச்சப்படும் இடத்தில் வருகின்றன.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. மருந்துகள் விதிகள், 1945 என்று மத்திய அரசின் விதிகள் இருக்கின்றன. அதில் 106-ஆம் விதி, ஜே அட்டவணை. இன்னின்ன நோய்களைக் குணப்படுத்தும் என்று எந்த மருந்தும் உரிமை கோரக்கூடாது என்று ஒரு பட்டியல். அந்தப் பட்டியலில் மூலமும் பௌத்திரமும் இருக்கின்றன. அதாவது நீங்கள் தினமும் பஸ்ஸிலிருந்து படிக்கும் "மூலத்துக்கு நிரந்தர குணம்" என்ற மருந்து விளம்பரம் சட்டம் தடுத்திருக்கும் பேச்சு. அதைப் போலீஸ் ஸ்டேஷன் மதிலில் ஒட்டியிருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

சரி, மூலம் என்றால் என்ன? எல்லோருக்கும், பிறந்த குழந்தைக்கும் கூட, ஆசனவாயின் உட்பக்கம் ரத்தக்குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற சதை இருக்கிறது. வாயுவும் நீரும் கசியாமல் மூடி வைப்பதில் அதற்கும் பங்கு உண்டு. அது வீங்கித் தொந்தரவு கொடுக்கும்போதுதான் மூலம் என்கிறோம். ஆசனக் குழாயின் நடுவே ஒரு கோடு இருக்கிறது. அதற்கு மேலே வருவது உள்மூலம், கீழே வருவது வெளிமூலம். கோட்டுக்கு மேலே வலி உணரும் நரம்பு இல்லை. அதனால் உள்மூலம் பெரும்பாலும் வலிக்காமல் ரத்தம் மட்டும் சொட்டும். கோட்டுக்குக் கீழே இருப்பது தோல். விரல் நுனியில் முள் குத்தினால் எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்திருந்தால் பாதிப் பேர் சுவரைப் பார்த்துப் போயிருக்க மாட்டார்கள்.

வெளிமூலம் சும்மா இருக்கும்போது சிறு வீக்கம், அரிப்பு, கழுவும்போது கையில் தட்டுப்படும் மேடு, அவ்வளவுதான். ஆளைப் படுக்க வைப்பது அதற்குள் ரத்தம் உறைந்து கட்டியாகும்போது. நேற்று வரை ஒன்றுமில்லை, இன்று காலை ஓரத்தில் பட்டாணி அளவிலிருந்து சின்ன நெல்லிக்காய் அளவு வரை நீலம் பாய்ந்த ஒரு கட்டி. உட்கார முடியாது, இருமினால் உயிர் போகும். முதல் இரண்டு மூன்று நாள் வலி உச்சத்தில் இருக்கும். பிறகு தானாகவே குறையத் தொடங்கும். சில வாரங்களில் கட்டி கரைந்துவிடும். அந்த இடத்தில் சிறு தோல் தொங்கல் மிஞ்சலாம். அதனால் ஆபத்து ஒன்றுமில்லை.

கவனியுங்கள், தானாகவே கரையும் கட்டி. மூன்றாம் நாள் ஒருவர் லேகியம் கொடுத்தால் நான்காம் நாள் வலி குறையும். ஒரு மாதத்தில் கட்டி காணாமல் போகும். பேர் யாருக்கு? லேகியத்துக்கு. "அவர்கிட்ட போனேன், ஒரே வாரத்துல சரியாப் போச்சு" என்று நம் ஆள் நாலு பேரிடம் ரகசியமாகச் சொல்வார். சுவர் வைத்தியத்தின் புகழில் பெரும் பகுதி இப்படிச் சேர்ந்ததுதான்.

எனக்கே 2011-இல் வந்தது. மறுநாளே ஒரு சர்ஜனிடம் போனேன். முதல் மூன்று நாளுக்குள், வலி உச்சத்தில் இருக்கும்போது வந்தால், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, கட்டியை மேல்தோலோடு சேர்த்து எடுத்துவிடலாம் என்றார். வெறுமனே கீறிப் பிதுக்கினால் திரும்ப வர வாய்ப்பு அதிகமாம். நாள் கடந்து வலி இறங்க ஆரம்பித்துவிட்டால் கத்தி வேண்டாம், வெந்நீரும் வலி மாத்திரையும் போதும் என்பதையும் அவரே சொன்னார். ஊசி போட்ட அந்த நிமிஷம் சாமி எல்லாம் கண்ணில் தெரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். அன்று ராத்திரி மல்லாந்து படுத்துத் தூங்கினேன்.

எங்கள் டெப்போவில் ஒரு டிரைவர் இருந்தார். நான் கணக்குப் பிரிவு, அவர் லாங் ரூட். ஐம்பத்திரண்டு வயது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் சூடேறிய என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவர். இதே மாதிரி கட்டி அவருக்கும் வந்தது. லீவு லெட்டரில் "வயிற்று வலி" என்று எழுதினார். மூலம் என்று எழுதினால் மறுநாள் டெப்போ முழுக்கக் கேலி நடக்கும் என்று அவருக்குத் தெரியும். நடந்திருக்கும், அங்கே வேலை பார்த்த எனக்கும் தெரியும். டாக்டரிடம் போகாமல் ஒரு போர்டுக்காரரிடம் போனார். அவர் என்ன மருந்து என்றே சொல்லாமல் கட்டியிலேயே ஊசி போட்டார், மூவாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டார். நாலாம் நாள் அந்த இடம் அழுகத் தொடங்கிக் காய்ச்சல் கண்டுவிட்டது. பெரியாஸ்பத்திரியில் மூன்று வாரம் படுத்திருந்தார். புண் ஆறும்போது ஆசனவாய் சுருங்கிவிட்டது. பிறகு அதை விரித்துவிடப் பல தடவை போக வேண்டியிருந்தது. கடைசி வரை அவர் ஸ்டீயரிங் பக்கம் உட்காரவில்லை, லைட் டியூட்டியிலேயே ஓய்வு பெற்றார். அவர் எனக்கு விவரித்ததை வைத்துப் பார்த்தால், வெந்நீரில் உட்கார்ந்து சும்மா இருந்திருந்தாலே இரண்டு மூன்று வாரத்தில் சரியாகியிருக்கும் கட்டி அது.

மூலத்துக்கு ஊசி என்பது டாக்டர்களும் போடுவதுதானே என்று கேட்பீர்கள். போடுவார்கள், உள்மூலத்துக்கு, அந்தக் கோட்டுக்கு மேலே, நரம்பில்லாத இடத்தில், கருவி வைத்துப் பார்த்து. ரப்பர் வளையம் போடுவதும் அப்படியே. வெளிமூலத்துக்கு ஊசியும் கிடையாது, வளையமும் கிடையாது. தோல் பகுதியில் வளையம் மாட்டினால் அந்த மனிதர் ஊரைக் கூட்டிவிடுவார். எனவே "வெளிமூலத்துக்கு ஊசி போடுகிறேன்", "நூல் கட்டி விழ வைக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

நான் சித்த வைத்தியத்தைத் திட்டுவதாக யாரும் கோபிக்க வேண்டாம். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அங்கே படித்துப் பட்டம் வாங்கிப் பதிவு செய்தவர் வேறு, பெயிண்ட் டப்பாக்காரர் வேறு. கார நூல் சிகிச்சை என்று பௌத்திரத்துக்கு முறையாகச் செய்யப்படுகிற ஒன்று உண்டு. அந்த நல்ல பேரைத் திருடித்தான் இவர்கள் எல்லாவற்றுக்கும் நூல் கட்டுகிறார்கள்.

அடுத்து நம் வீட்டு வைத்தியர்கள். அவர்கள் கையில் ஒரே ஒரு சொல் இருக்கிறது: சூடு. மாம்பழம் சாப்பிட்டாயா, சூடு. கோழி சாப்பிட்டாயா, சூடு. வெயிலில் நின்றாயா, சூடு. இதில் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம், இந்தச் சொல் உண்மையான காரணத்தைத் தேட விடுவதில்லை. மிளகாய் எரிச்சலைக் கூட்டும், மூலத்தை உண்டாக்காது. உண்டாக்குவது முக்கல். கெட்டிப்பட்ட மலத்தை வெளியேற்ற மூச்சைப் பிடித்து முக்கும்போது அந்த ரத்தக்குழாய்கள் புடைக்கின்றன. வருஷக்கணக்கில் அப்படிச் செய்தால் தொய்ந்துபோகின்றன. நீடித்த வயிற்றுப்போக்கும் அப்படித்தான். கனம் தூக்குவது, உடல் பருமன், கர்ப்பம், வயது எல்லாம் சேர்ந்துகொள்ளும். புராஸ்டேட் வீங்கி மூத்திரத்துக்கு முக்குகிறவர்களும் இந்தக் கணக்கில் வருவார்கள்.

நம் வயதில் இன்னொரு காரணம் மருந்துப் பெட்டிக்குள் இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, சில பிரஷர் மாத்திரைகள், மூட்டு வலிக்குத் தரும் டிரமடால் போன்ற வலி மாத்திரைகள், இவையெல்லாம் மலத்தைக் கட்டும். மூன்று டாக்டரிடம் மூன்று சீட்டு வாங்கி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "நேத்து முட்டை சாப்பிட்டேன், சூடு பிடிச்சிருச்சு" என்பது எந்த ஊர் நியாயம்?

கழிப்பறையும் மாறிவிட்டது. முழங்கால் மடங்காததால் நம்மில் பாதிப் பேர் வெஸ்டர்னுக்கு வந்துவிட்டோம். அதில் தப்பில்லை, காலுக்கடியில் ஒரு குட்டை ஸ்டூல் போட்டுக்கொண்டால் குந்தி உட்காரும் வாகு ஓரளவு வந்துவிடும். தப்பு என்னவென்றால் அதை நாற்காலியாக நினைத்துவிட்டதுதான். முன்பு தினசரிப் பேப்பர், இப்போது செல்போன். வாட்ஸ்அப்பில் வந்த நாற்பது குட்மார்னிங்குக்கும் அங்கே உட்கார்ந்துதான் பதில் போடுகிறார்கள். நடுவில் ஓட்டை உள்ள இருக்கையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால், தாங்கல் இல்லாத அந்த இடத்தில் ரத்தம் இறங்கித் தேங்கும். ஐந்து நிமிஷத்தில் வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மறுபடி உந்துதல் வந்தால் போகலாம், யாரும் பூட்டி வைக்கப் போவதில்லை.

வைத்தியம் என்று பார்த்தால் வெளிமூலத்துக்குப் பெரும்பாலும் வீட்டிலேயே முடிகிற விஷயம். அகலமான டப்பில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிஷம் உட்கார வேண்டும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. உப்பும் வேண்டாம், டெட்டாலும் வேண்டாம், பச்சை வெந்நீர் போதும். வலிக்குப் பாராசிட்டமால். மலம் இளக நார்ச்சத்து, ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வரை. கீரை, அவரை, வாழைத்தண்டு, கொய்யா, கேழ்வரகு, தோலோடு பயறு என்று நம் சமையலறையில் இல்லாததா? பாலிஷ் போட்ட வெள்ளைச் சோற்றை மலை மாதிரி குவித்து, ஓரத்தில் நான்கு துண்டு காய் வைத்துக்கொள்கிறோமே, அதைத் திருப்பிப் போட்டால் போதும். முடியாதவர்கள் இசப்கோல் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு. தண்ணீர் குறைவாகக் குடித்தால் அதுவே போய் அடைத்துக்கொள்ளும். இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு தண்ணீர் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். துத்திக்கீரை, கருணைக்கிழங்கு எல்லாம் நம் பாட்டி காலத்திலிருந்து மூலத்துக்குச் சொல்லப்படுகிறவை. குழம்பிலும் பொரியலிலும் தாராளமாகச் சாப்பிடுங்கள், உணவாக நல்லதுதான். லேகியமாக்கி ஆயிரம் ரூபாய்க்கு வாங்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

மெடிக்கல் ஷாப்பில் "அந்த இடத்துக்கு ஒரு ஆயின்மென்ட்" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டு வாங்குவதும் வைத்தியமாகாது. அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. ஒரு வாரத்துக்கு மேல் தடவினால் தோல் மெலிந்து புதுத் தொந்தரவு வரும். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரே ட்யூபை நான்கு வருஷமாகத் திரும்பத் திரும்ப வாங்கியவர், யாரிடமும் காட்டாமல்.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவு நேரம் கத்தினேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு வயது அறுபத்தைந்து. மலத்தோடு ரத்தம் வந்தது. இளவயதில் மூலம் இருந்ததாம், எனவே இதுவும் மூலமே என்று அவரே தீர்ப்பு எழுதிவிட்டார். ஒரு வருஷம் லேகியம் ஓடியது. எடை குறைந்தது, அதற்கும் லேகியப் பத்தியம் என்று காரணம் கிடைத்தது. கடைசியில் மயங்கி விழுந்து, ரத்தம் ஏற்றும்போதுதான் ஒரு டாக்டர் கையுறை போட்டு விரலால் தொட்டுப் பார்த்தார். விரலுக்கு எட்டும் தூரத்தில் புற்று. ஒரு வருஷம் முன்னால் அதே விரல் போயிருந்தால் என்று அவருடைய மகன் என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதான்.

மூலம் புற்றுநோயாக மாறாது. ஆனால் மூலம் இருக்கிறவருக்குப் புற்றுநோய் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஐம்பது தாண்டியவருக்கு ரத்தம் வந்தால், அது எவ்வளவு பழைய மூலமாக இருந்தாலும், பார்க்க வேண்டும். மலம் போகும் பழக்கம் திடீரென்று மாறுவது, மலம் கறுத்து தார் மாதிரி போவது, போன பிறகும் மிச்சம் இருப்பது போலவே தோன்றுவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, இவற்றில் ஒன்று இருந்தால் நாளைக்கே. இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும், அதை டாக்டர் பிரித்துச் சொல்வார். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சின்ன மூலமே அதிகமாக ரத்தம் விடும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் மூலத்தைப் பற்றிக் கவலைப்பட ஆள் இருக்காது.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். நம் அம்மாக்கள் காலத்தில் வீட்டில் கக்கூஸ் கிடையாது. விடிவதற்கு முன் அல்லது இருட்டிய பின், நடுவில் எத்தனை அவசரமானாலும் அடக்கிக்கொள்ள வேண்டும். அடக்கினால் மலம் கெட்டிப்படும். அதோடு ஐந்து ஆறு பிரசவம். எத்தனை பேர் வலியோடு அம்மி அரைத்து, சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்களோ. இப்போது கக்கூஸ் வந்துவிட்டது. ஆனாலும் பஸ் பயணம் என்றால் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காத பெண்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். ஆண் டாக்டர் என்று தயங்கினால் பெண் சர்ஜனைக் கேட்கலாம், இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆண் டாக்டரானாலும் ஒரு நர்ஸம்மாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டுதான் பார்ப்பார்.

1978 டிசம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் மூலத்தின் வலி தாங்காமல் தன் வேலைகளை ரத்து செய்தார். வெள்ளை மாளிகை அதை மறைக்கவில்லை, பத்திரிகைகளில் வந்தது. உலகத்தின் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தவருக்கே உட்கார முடியவில்லை என்று ஊருக்குச் சொல்ல முடிந்திருக்கிறது. நமக்குப் பெண்டாட்டியிடம் சொல்ல முடியவில்லை.

பரிசோதனை என்ன பெரிய பரிசோதனை? இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். முதலில் கண்ணால் பார்ப்பார். வெளிமூலமானால் அதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். பிறகு கையுறையில் ஜெல்லி தடவி விரல். தேவைப்பட்டால் புராக்டோஸ்கோப் என்ற சின்னக் குழாய். காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். பெரியாஸ்பத்திரி சர்ஜரி ஓ.பி.யில் காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கினால் பார்ப்பார்கள், காசு வேண்டாம். உள்ளே போனதும் "மூலம் சார்" என்று ஆரம்பிக்காமல், எத்தனை நாளாக, ரத்தம் என்ன நிறம், வலி எப்போது என்று மட்டும் சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள்.

கொலனோஸ்கோபி பார்த்துவிடலாம் என்று சொன்னால் பயப்படாதீர்கள். அதில் கஷ்டம் குழாயில் இல்லை, முந்தின நாள் வயிற்றைச் சுத்தம் செய்யக் குடிக்கச் சொல்லும் அந்த இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீரில் இருக்கிறது. நான் குடித்திருக்கிறேன். அதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.